கூடும்

மஞ்சக்குப்பம், ஆட்சியர் அலுவலகம், இரண்டாம் மாடி.
நாற்காலிக்கு நாற்காலி ஆறடி.
எனக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல்.
முகக்கவசத்துக்குள்ளிருந்து வரும் தமிழைச்
சுருக்கெழுத்தில் பிடிப்பது
கெடிலத்தில் வெறுங்கையால் கெண்டை பிடிக்கிற மாதிரி.

டாக்டர் அமலோற்பவமேரி,
தொற்றுநோய்க் கணக்குப் படித்தவர், நிதானமாகச் சொன்னார்:
"சந்தையை மூடினால் பரவல் குறையக்கூடும்.
பத்து சதவீதமும் இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம்.
ஆனால் முதல்நாளே அறிவித்துவிட்டு மூடினால்
அந்த ஒரு சாயங்காலம் ஊரே வந்து கூடும்.
அது என் கணக்கில் இல்லை.
துறைமுகத்தில் கூடை வைத்திருக்கிற பெண்களைக் கேளுங்கள்."

"மூடலாமா கூடாதா, அதைச் சொல்லுங்க டாக்டர்."
மேஜையில் தேநீர் ஆடை கட்டியிருந்தது.
மூடலாம் என்றார். பிறகு ஆனால் என்றார்.
அந்த ஆனாலுக்குள்
சென்னையிலிருந்து போன் வந்துவிட்டது.

கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்தது நான்தான்.
முதல் பிரதியில் எல்லாம் இருந்தது,
பத்து, நாற்பது, கூடைக்காரப் பெண்கள்கூட.
பச்சை மசியில் திரும்பி வந்தது:
ஒரு பக்கத்துக்குள் வேண்டும்.
குறையக்கூடும் என்ற இடத்தில் நடுவாக ஒரு கோடு.
குறையும் என்று அடித்தேன்.
மிச்சமானது மூன்றே எழுத்து.

நாலு மணிக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி:
நிபுணர் குழுவின் அறிவுரைப்படி
நாளை முதல் சந்தை கிடையாது.
ஐந்து மணிக்குத்
திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே கேட் தொடங்கி
பை, பை, பை.
நானும் போனேன், மறைக்க என்ன இருக்கிறது?
வெங்காயம் இரண்டு கிலோ, பூண்டு,
கூறு எழுபது ரூபாய்க்கு நெத்திலி.
அஞ்சலாட்சி என் நோட்டை டெட்டால் தண்ணீரில் முக்கியபடி
"ஒரு வார்த்தை எங்கள கேட்டிருந்தா
விடிகாலையில நாலு எடமா பிரிஞ்சு ஒக்காந்திருப்போமே சார்" என்றாள்.
யாரிடம் சொல்கிறோமென்று அவளுக்குத் தெரியாது.
என் பிடரிக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

பதினோராம் நாள் எண்ணிக்கை ஏறியது.
செய்திக்குறிப்பு: நிபுணர்கள் சொன்னதைத்தான் செய்தோம்.
ஆடியில் இறங்கியது.
செய்திக்குறிப்பு: அரசின் துரித நடவடிக்கை.
அடித்தவை இதே விரல்கள்.
வீட்டில் நாங்கள் மூவரும் பிழைத்துக்கொண்டோம்.
எதிர்வீட்டு ஜோதிலிங்கம் இல்லை.

ஒருநாள் படிக்கட்டில் டாக்டர் நிறுத்தினார்.
கோபமில்லை,
எங்கோ விட்டுவந்த குடையை விசாரிப்பதுபோல்
"குறையும்னா சொன்னேன் நான்?" என்று கேட்டார்.
"ஞாபகம் இல்லைங்க மேடம்."

இருக்கிறது.
அடி இழுப்பறையில், ரப்பர் பேண்டு போட்ட நோட்டில்,
பென்சில் கோட்டின் வாலில்
தூண்டில் முள்போல ஒரு சின்ன வளைவு.
இந்த வாரம் சுற்றறிக்கை வந்திருக்கிறது:
மூன்றாண்டுக்கு மேற்பட்ட குறிப்பேடுகளை அழிக்கலாம்.

இரண்டு தரம் படித்துப் பார்த்தேன்.
அழிக்கலாம் என்றுதான் இருக்கிறது.