மீதி

எலிக்குப் பதினான்காம் நம்பர்,
வாலில் பச்சை மை.
பால்பவுடர் கலக்கிய தொட்டித் தண்ணீரில்
விரற்கடை ஆழத்தில்
முங்கிக் கிடக்கிறது ஒரு மேடை.
மறதி ஊசி போட்ட எலியை
நான்தான் இறக்கிவிடுவேன்.
ஃபர்ஹானா மேடம் ஸ்டாப்வாட்சை அழுத்துவார்.

வல்லாரைச் சாறு குடித்த கூண்டு
பதினெட்டு நொடி, இருபது, பதினேழு.
வெறுந்தண்ணீர் குடித்த கூண்டு
மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு
சுவரோரமே சுற்றும்.
ஒரு நிமிடம் ஆனதும்
விரலைக் கொடுத்து ஏற்றிவிடுவேன்.
கையுறைக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொள்வதை
எழுத நோட்டில் கட்டம் இல்லை.

சாயங்காலம் மார்க்கெட்டில் கட்டு பத்து ரூபாய்.
கூடவே கால் கிலோ
இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்,
அது இருந்தால்தான் தட்டில் உட்காருவார்.
"ஒரு மண்டலம் குடு, எல்லாம் திரும்பிடும்"
என்கிறாள் கீரைக்காரி.
"எலிக்கு, பாக்கியவதி. இன்னும் எலிக்குத்தான்"
என்கிறார் மேடம்.
ஆஸ்பத்திரி மாத்திரையை நான் நிறுத்தவில்லை.
துவையலையும் நிறுத்தவில்லை.

துளசிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு வயது.
ஆரணி வண்டியில் இருபத்தாறு வருஷம் கண்டக்டர்.
பாகாயம் அடுக்கம்பாறை கணியம்பாடி கண்ணமங்கலம்
என்று ஒரே மூச்சில் கூவிய வாயில்
இப்போது கண்ணமங்கலம் தாண்டினால்
பாகாயம் வருகிறது.
அப்புறம் மறுபடியும் பாகாயம்.
படுக்கையிலிருந்து சமையல்கட்டுக்குச்
சுவரோரமாகவே வருகிறார்.
விரலைக் கொடுக்கிறேன்.

நேற்று ஒரு கணக்கு இடித்தது.
பதினான்கு, வெறுந்தண்ணீர்க் கூண்டு.
நேரே நீந்திப் போய்
ஒன்பதாவது நொடியில் மேடையேறி
மீசையைத் துடைத்துக்கொண்டது.
மேடம் வாட்சை இரண்டு தரம் பார்த்தார்.
"கேள்விக்குறி போட்டு வை."
போட்டேன்.
சாற்றைக் கூண்டு மாற்றிக் கொடுத்துவிட்டேனா?
இல்லை. சத்தியமாய் இல்லை.
பிறகு ஏன் என்று
பாலாற்றுப் பாலம் முழுக்க யோசித்தேன்.
தண்ணீர் இல்லாத ஆறு, நீளமான பாலம்,
யோசனைதான் எட்டவில்லை.

ராத்திரி, துவையல் பிசைந்த
நாலாவது உருண்டையில்
என்னை நிமிர்ந்து பார்த்து,
"எங்கம்மா எறங்கணும்?" என்றார்.

உன் பெண்டாட்டி என்று சொல்லலாம்.
சொல்லிப் பார்த்த நாட்கள் உண்டு;
அழுதுவிடுவார்.
"கணியம்பாடி" என்றேன்.
என்னைப் பெண் பார்க்க வந்த ஊர்.

எச்சில் கையை உதறிவிட்டு
இடது கையால் சட்டைப்பையைத் தடவினார்.
சில்லறை இல்லை.
கீரை சுற்றி வந்த காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து,
பேனா கேட்டு வாங்கி,
பின்பக்கம் மூன்று என்று எழுதி
அடியில் கோடு இழுத்து நீட்டினார்.
"மீதிய எறங்கும்போது
ஞாபகமா கேட்டு வாங்கிக்கம்மா."

அடுக்கம்பாறைகூட இன்னும் வரவில்லை.