பதினான்காம் தட்டு

கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டுக் கொல்லையில்
கஞ்சி வடித்து ஊற்றும் வாய்க்கால் ஓரம்
மூன்று கரண்டி சேறு எடுத்தேன்.
அண்டா தேய்த்துக்கொண்டிருந்த செவந்தி
நிமிராமல் கேட்டாள்:
"பேரூராட்சியா? நேத்து அடைச்சுக்கிட்டது,
இன்னைக்குக் குத்திவிட்டாச்சு."
இல்லை, காலேஜ் என்றேன்.
நம்பவில்லை.
ஒரு வாளித் தண்ணீரை என் செருப்பருகே சாய்த்தாள்.

அந்தச் சேற்றில்
கோல் வடிவில் ஓர் உயிர் இருந்தது.
சோற்றின் மாவுச்சங்கிலி அதற்குள் நுழையாது,
அத்தனை நீளம்.
அதனால் அது தன் வயிற்றை
வெளியே அனுப்பிவிட்டுக்
காத்திருக்கிறது.

அனுப்புவது லேசில்லை.
உடம்பைச் சுற்றிக் கொழுப்பு;
உப்புகூடக் கேட்டுத்தான் போகவேண்டும்.
நூல் நுழையும் அளவில் ஒரு துளை.
மடித்த புடவை அதில் போகாது.
மடிப்பே விழவிடாமல், ஒற்றை இழையாக,
உள்ளிருந்து ஒரு புரதக் கை
ஏடிபியை எரித்து எரித்துத்
தள்ளுகிறது, முழம் முழமாய்.

இழையின் தலையில் ஒரு விலாசம்,
முப்பது எழுத்து, நடுவில் எண்ணெய்ப் பிசுக்கு.
(இந்த ஊரில் விலாசம் என்றால் தெருவும் கதவிலக்கமும் அல்ல.
முப்பாட்டன் வரை முதலெழுத்துக் கோத்து
ரங்கூன் கடைப் பலகையில் எழுதியது.
அதைப் பார்த்துத்தான் கடன் கொடுத்தார்கள்.)
விலாசம் இருந்தால் வாசல் திறக்கும்.
திறந்த வாசலின் அந்தப் பக்கம்
ஒரு கத்தரி நிற்கிறது.
வந்ததும் வராததுமாய்
விலாசத்தை வெட்டிவிடுகிறது.

பிறகு, தடித்த சுவரின் ஓரத்தில்,
தள்ளாடும் இழை
சுண்ணாம்பில் உள்ள அதே உலோகத்தைப் பற்றிக்கொண்டு
மடிந்து மடிந்து நொதியாகிறது.
முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் குழைத்து
இங்கத்திச் சுவர்களில் முகம் பார்க்கவைத்த கொத்தனாரிடம்
இதைச் சொன்னால்
"பின்னே?" என்றிருப்பார்.

காரைக்குடி ஆய்வகம், இரவு பதினொன்று.
கரண்ட் ஒருமுறை போய்வந்தது.
மாவுத் தட்டுகளில் அயோடின் ஊற்றினேன்.
எல்லாம் கருநீலம்.
பதின்மூன்று தட்டில்
புள்ளிக்குப் புள்ளி ஒரு வெளுத்த வட்டம்:
வயிறு போய்த் தின்ற இடம்.
பதினான்கில் வட்டமே இல்லை.
விலாசத்தில் ஓர் எழுத்தை
நான்தான் மாற்றியிருந்தேன்.
உள்ளே நொதி செய்யப்படாமல் இல்லை.
செய்கிறது, செய்கிறது,
போக வழியில்லாமல்
திரிந்த பாலாய்க் கட்டி கட்டியாய்
கோலின் இரண்டு முனையிலும் அடைகிறது.

போன மாதம் எங்கள் கட்டுரை வந்தது.
எங்கள் என்றா சொன்னேன்.
நான்கு பெயர். ஒன்று வழிகாட்டியுடையது,
ஒன்று அவர் மைத்துனருடையது,
மற்ற இருவரை நான் பார்த்ததில்லை.
நன்றியின் கடைசி வரியில் நான்,
உமையாளில் ஓர் எழுத்துப் பிழையோடு.

கத்தரி எல்லா வாசலிலும் உண்டு என்று
மனதைத் தேற்றலாம்.
வேலை வெளியே போய்விட்டதே, அது போதாதா.
நொதிக்குப் போதும்.
நொதிக்கு ஹாஸ்டல் பாக்கி கிடையாது.

டீனுக்கு எழுதிய கடிதம்
இருபத்து மூன்று நாளாய்க் கைபேசியில் கிடக்கிறது.
ராத்திரிக்கு ஒரு வரி சேர்ப்பேன்,
காலையில் ஒரு வரி எடுப்பேன்.
"தாழ்மையுடன்" மட்டும் ஆறு முறை போய்வந்தது.

அயோடினைத் தொட்டியில் கொட்டினேன்.
கையுறை கிழிந்திருந்தது போல,
ஆள்காட்டி விரல் பழுப்பு.
அதே விரலால் அனுப்பினேன்.

கரண்ட் மறுபடி போனது.
ஃப்ரீசரின் மூச்சு நின்றது.
அதைத் திறக்கக்கூடாது, குளிர் போய்விடும்.
நான் அசையாமல் இருந்தேன்.
திரையில் ஒரு டிக்.

என் வாசலைத் தாண்டிவிட்டது.
சுவரோரம் எங்கோ நிற்கிறது.
இரண்டாவது டிக்
இன்னும் வரவில்லை.