இதர

அதிர்ஷ்டம் வருமென்று அவர் வாங்கிவந்த வாஸ்து மீன்
முதல் ராத்திரியே
என் நீர்ப்பல்லியின் இடது முன்னங்காலைத் தின்றுவிட்டது.

கால்நடை ஆஸ்பத்திரி வரிசையில்
எனக்கு முன்னால் ஒரு கிடா, பின்னால் கன்றுக்குட்டி,
மடியில் ஹார்லிக்ஸ் பாட்டில்.
மாடு, ஆடு, நாய், கோழி எல்லாம் தாண்டி
'இதர'வை வட்டமிட்ட டாக்டர்
கண்ணாடியைக் கழற்றினார்:
"கடிக்குமா?"

மருந்து கிடையாது. குளிர்ச்சியா வைங்க, போதும்.
காரைக்குடியில். சித்திரையில்.

ஃப்ரீசர் முழுக்கத் தண்ணீர் பாட்டில்.
சம்பை ஊற்றுத் தண்ணீரை ஒருநாள் வாளியில் தூங்கவிட்டு
பாதாம் இலை ஒன்று மிதக்கவிட்டேன்.
மண்புழுவை பிளேடால் மூன்றாக நறுக்குவது
வெள்ளிக்கிழமையில் மட்டும்
மாமியார் தூங்கியபின்.

கரண்டு போன இரவு
ஈரத்துணி சுற்றிய தொட்டியை விசிறிக்கொண்டிருந்தேன்.
"எனக்கு டைபாய்டு வந்தப்ப
இப்படி விசிறலயே" என்றார் இருட்டில்.
விசிறினேன்.
நினைவில்லாமல் கிடந்தீர்கள்.
சொல்லவில்லை.

நாற்பதாம் நாள்
தோளில் மிளகளவு ஒரு முண்டு.
பிறகு அதில் ஒரு பிளவு.
இன்னொன்று.
டார்ச்சை நெருக்கிப் பிடித்து எண்ணும்போது
பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறார்,
"விரலா அது?"

கையில்
நான் கேட்காத ஐஸ் பாட்டில்,
லுங்கியில் சொட்டிக்கொண்டு.