மீற்றர் பார்க்கிறவள்

உவர்மலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு மீற்றர்கள்.
கிராதி வைத்த மஞ்சள் வீட்டுக்கு
இரண்டு வீடு முந்தி, ஏற்றத்தில்,
அது வரும்.

வலி என்று சொன்னால் பொய்.
யாரோ உள்ளங்கை வைத்துக்
கதவை மெல்லச் சாத்துவதுபோல.
பிறகு தாடை. பிறகு
கீழ்ப்பல் வரிசை முழுக்க ஐஸ் கடித்த கூச்சம்.
நின்றால் போய்விடும்.
ஆகவே நின்றேன், கடல் பார்ப்பவள்போல.
கீழே துறைமுகத்தில் மாவாலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பல்
ஒருவருக்கும் அவசரமில்லாமல் திரும்பும்.
"நல்ல காத்து, என்ன?" என்பார் வீட்டுக்காரர்.
ஓம், நல்ல காத்து.

வாய்வு என்றார்கள்.
உள்ளி சுட்டுத் தின்றேன், ஒரு வருடம்.
பல் என்றார்கள்.
சொத்தையில்லாத கடைவாய்ப்பல் ஒன்றை
காசு கொடுத்துப் பிடுங்கினேன்.
படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள்.
படுத்திருக்கையில் என் இதயம்
சோதனைக்கு நன்றாகப் படித்த பிள்ளை,
பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தது.
"பொம்பிளையளுக்கு மனப்பாரம் இப்பிடித்தான் காட்டும்"
என்றார் ஒரு பெரிய டொக்டர்.
மனப்பாரத்துக்கு ஏற்றம் இறக்கம் தெரியுமா
என்று நான் கேட்கவில்லை.
இறக்கத்தில் அது ஒருநாளும் வந்ததில்லை.

கிண்ணியாப் பக்கத்து டொக்டர் நுஸ்கியாதான்
நெஞ்சில் எங்கே என்று கேளாமல்
றோட்டில் எங்கே என்று கேட்ட முதல் ஆள்.

இரவு ரயிலேறிக் கொழும்பு போய்
ஸ்கானோடு வந்தேன்.
மருந்துத் துண்டின் பின்பக்கம் அவ கீறினா:
வலப்பக்கத்தால் தொடங்கவேண்டிய குழாய்
இடப்பக்கத்தால் தொடங்கி,
இரண்டு பெரிய குழாய்களுக்கு இடையால் நுழைந்து
வலப்பக்கம் வருகிறது.
நீங்கள் ஏறும்போது பெரியவை இரண்டும் விம்மும்.
சின்னது நசியும்.

பதினேழு வருடம் நீர் வழங்கல் சபையில் நிற்கிறேன்.
அவ பேனையை மூடமுன் எனக்கு விளங்கிவிட்டது.
"லைன் போட்ட அண்டே பிழை."
அவ சிரித்தா.
பிறகு சிரிக்காமல்,
"ஓம், பிறவியிலேயே" என்றா.

பிறவியிலேயே.
அந்தச் சொல்லை மடித்து
மீற்றர்ப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு
பஸ் நிலையம்வரை நடந்தேன். மட்டமான றோட்டு.
கோட்டை வாசலில் புள்ளிமான் ஒன்று
சொப்பிங் பை சப்பிக்கொண்டிருந்தது.
அப்போதுதான் அண்ணன் வந்தான்.

தொண்ணூற்றாறு. மக்கெய்சர் மைதானம்.
யோகேந்திரன், பதினேழு வயது,
பந்தே இல்லாத பக்கமாக ஓடி
விழுந்தான்.
வெயில் என்றார்கள். கண்ணூறு என்றார்கள்.
அந்த வருடங்களில்
குண்டு படாத சாவுக்கு
யாரும் காரணம் கேட்பதில்லை.
அறுக்கவில்லை, பார்க்கவில்லை,
பொழுதுபடமுன் எரித்தாயிற்று.
அம்மா மட்டும் ஒரு காரணம் வைத்திருந்தா:
காலமை சாப்பிடாமல் போனவன்.
இருபத்தெட்டு வருடமாக
வெறுவயிற்றோடு என்னை
வாசல் தாண்ட விட்டதில்லை.

குடும்பத்தில் வருமா என்று போனில் கேட்டேன்.
வரும் எண்டும் சொல்ல ஏலாது,
உங்கட அண்ணாவுக்கு இல்லை எண்டும் சொல்ல ஏலாது,
ஒருத்தரும் பாக்கேல்லையே, என்றா.

அம்மாவிடம் சொல்லவில்லை.
சொன்னால் அந்தப் பிட்டுக் கோப்பையை
இறக்கிவைப்பாவா,
அல்லது வேறு எதையாவது தூக்குவாவா?
தெரியாது.
சத்திரசிகிச்சைக்குத் திகதி வரட்டும்.

அதுவரை ஏறவேண்டாம் என்ற கடிதத்தைக்
கந்தோரில் கொடுத்தேன்.
ஆளில்லை, அந்த ஏற்றத்தை மட்டும்
எப்படியாவது பார் என்றார்கள்.
இப்போது நான் அடிவாரத்தில் நிற்கிறேன்.
மஞ்சள் வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
மதிலால் எட்டிக் கத்துகிறார்:
"நாலு... ஏழு... ரெண்டு... கடைசி கலங்கிக் கிடக்குது பிள்ளை,
ஆறோ எட்டோ!"

நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன்.
ஆறு என்று எழுதுகிறேன்.