ழகரம் இருந்த விசை

தகட்டின் மேல் பூஞ்சை.
ரொட்டியில் படர்வது போல, வெள்ளையாய்.
பினாங்கு ஈரத்துக்கு
எது சோறு, எது கணக்கு என்று தெரியாது.

உறையைக் கத்தரித்தேன்.
உள்ளேயிருந்த கறுப்பு வட்டத்தை
இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பில் கழுவி,
ஜெலுத்தோங் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில்
உள்பாடிகளுக்கு நடுவே
கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்.
எதிர்வீட்டு ஞானப்பூ எட்டிப் பார்த்துக் கேட்டார்:
"கருகின அப்பளமா?"

காய்ந்ததை வேறொரு தகட்டின் உறைக்குள் நுழைத்து,
கொமடோரின் டிரைவை எழுப்பினேன்.
மூன்று மாதச் சம்பளம் அது, அப்போது.
சூடேறியதும் தூசி கருகும் வாசனை.
நாற்பது ரிங்கிட்டுக்குப் பொட்டலத்தில் வந்த
பச்சைப் பலகை ஒன்று நடுவில்.
ஒரு பக்கம் ஆறு ஊசி வட்டச் செருகி,
மறுபக்கம் மருமகனின் மடிக்கணினி.

டக். டக். கர்ர்ர்.
முப்பத்தைந்து தடங்கள்.
அறுநூற்று எண்பத்து மூன்று கட்டங்களில்
பதினொன்று வரவில்லை.
டிரைவின் சிவப்பு விளக்கு சிமிட்டியது.
பிழை என்று சொல்ல அதற்கு வேறு வாய் இல்லை.

கோப்பு முழுசாய் வந்துவிட்டது.
படிக்கத்தான் முடியவில்லை.
ஆச்சரியக்குறி, சதவீதம், நட்சத்திரம்,
யாரோ விசைப்பலகையைக் கீழே போட்டது போல.

மறந்தே போயிருந்தேன்.
அந்த இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது.
இரவு ஷிப்டின் கேண்டீன் இடைவேளையில்
எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு
புள்ளி புள்ளியாய் நான்தான் எழுத்துகளை வரைந்தேன்.
ணகரம் அதற்குள் அடங்காமல்
பக்கத்துக் கட்டத்தில் காலை நீட்டியது.
எழுத்துகள் இருந்த தகடு வேறு.
அதைப் பூஞ்சை முழுசாகத் தின்றுவிட்டது.
எந்த விசையில் எதை வைத்தேன்?
நான்கு இரவு, ஒரு கொப்பி, பென்சில்.

எண்கள் மட்டும் எண்களாகவே இருந்தன.
12. 12. 12. 12.
அப்புறம்தான் உறைத்தது:
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ் கணக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு.
மாதம் பன்னிரண்டு வெள்ளி. வசூலிப்பது நான்.

பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டு பெயர்களுக்கு ஏறினேன்.
மரியபுஷ்பம் வந்தாள், இருளாயி வந்தாள்,
ஸ்டோர் லெட்சுமணன் வந்தான்.
ஒரே ஒரு சாய்ந்த கோடு மிஞ்சியது.
கோப்பு முழுக்க ஒரே ஒரு இடம்.

கொமடோரின் முன் உட்கார்ந்து
கண்ணை மூடி அந்த வரியைத் தட்டினேன்.
வலது சுண்டுவிரல் தானாக
மேல்மூலைக்குப் போனது. பவுண்டு விசை.
பவுண்டுக்கு நமக்கென்ன வேலை என்று
ழகரத்தை அங்கே குடிவைத்திருக்கிறேன்.
மடிக்கணினி அதைச் சாய்ந்த கோடு என்கிறது.

பழனியாயி.
மூன்றாம் லைன், சோதனைப் பிரிவு.
மார்ச்: 0.

அன்று மதியமே ஆள்குறைப்புப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள்.
ஸ்டோர் பக்கத்தில் இருந்த நான் பார்க்கவில்லை.
பஸ்ஸில், எல்லார் காதிலும் விழ,
"பாக்கி பன்னிரண்டு" என்றேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஜெலுத்தோங்கில் இறங்க வேண்டியவள்
குளுகோரிலேயே இறங்கிக்கொண்டாள்.
சோற்றுப் பாத்திரம் இருக்கையிலேயே கிடந்தது.
மறுநாள் கொடுக்கலாம் என்று
எடுத்து வைத்தேன்.

இப்போது இது ஏழு கிலோபைட்.
சைபருக்குப் பதில் எதையும் போடலாம்,
ஒரு தட்டுதான்.
விரலை எடுத்துவிட்டேன்.

மருமகன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.
"என்ன மாமா இருந்திச்சு, இவ்வளவு பாடுபட்டீங்களே?"
"பஸ் கணக்கு."
"அவ்ளோதானா?"
"ஒருத்தவங்க பாக்கி" என்றேன்,
யாருடையது என்று சொல்லாமல்.