பதினான்காவது கலவை

கந்தப்பளையில் தை மாதத்து விடியல்.
புல் நுனியெல்லாம் உப்புத் தூவினாற்போல் உறைபனி.
தவறணைக் கொட்டகையில் ரெஜினா
என் முதல் பையை விரித்து
ஒரு கைப்பிடி மண் போட்டாள்.
டக்.
"அப்பளம் பொரிச்சுக் கொண்டாந்தீங்களா, மிஸ்?"
கொட்டகையே சிரித்தது.
நானும், கொஞ்சம் பிந்தி.

சோளத்தில் பிறந்த பிளாஸ்டிக்.
கண்ணாடி மாதிரித் தெளிவு,
குணமும் கண்ணாடிதான்.
இனிப் பொலித்தீன் வேண்டாம் என்று
பதினெட்டுப் பக்கம் எழுதிப் பணம் வாங்கியது நான்.
முள்ளுக் குத்தும்போது இன்றும் மேலே வருகின்றன
பழைய பொலித்தீன் பைகள்,
எப்போதோ நட்ட தேயிலையின் வேரைப்
பிடித்த பிடி விடாமல்.

ஏன் உடையுது என்றாள்.
ராகலை பஸ்ஸைச் சொன்னேன்.
மூலக்கூறுகள் நீளநீளமாய்,
ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு நிற்கின்றன.
பள்ளத்தில் சில்லு விழுந்தால்
ஒருவராலும் அசைய முடியாது.
நடுவே மெலிந்த ஒருத்தி புகுந்துகொண்டால்
எல்லோருக்கும் முழங்கை அசைக்க இடம் வரும்.
பஸ்ஸில் நடக்காது, பிளாஸ்டிக்கில் நடக்கும்.
அந்த மெலிந்தவளைத்தான் தேடுகிறேன்.

"ஏறுனவ பாதியில எறங்கிட்டா?"

பதினெட்டுப் பக்கத்தில் அந்தக் கேள்வி இல்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

கிளிசரின் கலந்தேன். தகடு வேர்த்தது.
மறுநாள் மேசைமேல் எறும்பு வரிசை,
கல்யாண வீட்டுக்குப் போவதுபோல்.
எலுமிச்சைப் புளிப்பிலிருந்து செய்யும் எஸ்தர்
அழகாக வளைந்தது;
கப்பலில் வரவேண்டும் என்றதும்
விலை கேட்ட மனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.
தாலேட்டு மலிவு, கொழும்பில் வாளி வாளியாய்.
நிற்காமல் கசிகிற சாதி அது.
மூடியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினேன்.

எட்டியாந்தோட்டையிலிருந்து மச்சான் கிருபைநாதன்
ஒரு சாக்கு இறப்பர் விதை கொண்டுவந்தான்.
கல்லில் சூடேறத் தேய்த்து
பக்கத்து வாங்குப் பிள்ளையின் தொடையில் வைத்து
அலறவிட்டோமே, அதே விதை.
இப்போது பிழிந்தால் மஞ்சள் எண்ணெய்.
ஆஸ்பத்திரியில் புண் கழுவும் நுரைத்தண்ணிக்கு
முரட்டு அண்ணன் ஒருவன் உண்டு,
அவனைச் சொட்டுச் சொட்டாய் விட்டு
ஆறு மணிநேரம்
வெப்பமானியைவிட்டுக் கண் எடுக்கவில்லை.
இரண்டு தரம் கரண்ட் போனது.
ஒரு தரம் அழுதேன், அது குறிப்பேட்டில் இல்லை.

பதினான்காவது கலவை:
நூறுக்குப் பன்னிரண்டு.
இழுத்துப் பார்க்கும் பொறியில்
நான்கில் முறிந்த தகடு நாற்பதுவரை நீண்டது.
நாலாய் மடித்தேன், காதருகே வைத்துக் கேட்டேன்.
சத்தமே இல்லை.

ரெஜினா மண் நிரப்பினாள்.
தரையில் இரண்டு குத்து.
இன்னும் ஒன்று, வேண்டுமென்றே.
பை குலுங்கி நின்றது.
பாராட்டுக்குக் காத்து நின்றேன்.
அவள் விரலைத் தேய்த்து முகர்ந்தாள்:
"கையில எண்ணெ ஒட்டுது.
இப்பவே ஒரு கால கீழ வச்சிட்டா."

ஐப்பசியில் நாற்பது பைகளை எண்ணினோம்.
ஆறின் விளிம்பில் வெள்ளைக் கீறல்.
மற்றவை மழையிலும் தாங்கின,
கன்றுகள் நாலைந்து இலை விட்டன.
வெற்றி என்று எழுதலாமா?
மனேஜர் எழுதச் சொன்னார்.
முப்பத்துநான்கு என்று எழுதினேன்.

உடையாதே என்று ஒன்பது மாதம் கெஞ்சிவிட்டு
நட்ட மறுநாளிலிருந்து
உடைந்து போ என்று கேட்கவேண்டிய பொருள் இது.
யாருக்குத்தான் கோபம் வராது.

கொட்டகைக்குப் பின்னால், கற்பூர மரத்தடியில்
ஒரு துண்டைப் புதைத்து
ஐஸ்கிறீம் குச்சி நட்டிருக்கிறேன்.
போயா லீவில் போய்க் கிண்டிப் பார்ப்பேன்.
குளிர்ந்த மண் எதற்கும் அவசரப்படாது.
குச்சி மக்கிவிட்டது.
தகட்டில் பேனையால் நான் எழுதிய பதினான்கு
இன்னும் தெளிவாகத் தெரிகிறது.