இரண்டு நிமிடம், பத்து ரூபாய்

லேடீஸ் சீட் விளிம்பில் என் டெலஸ்கோப்
மூன்று காலில் நிற்கிறது.
ஒரு கால் கொஞ்சம் குட்டை.
அதன் அடியில் மடித்து வைத்திருப்பது
காப்பித் தோட்டத்துப் பழைய கூலிச் சீட்டு.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி,
பதினான்காவதில் வாந்தி எடுத்து,
குரங்கிடம் ஒரு பாக்கெட் முறுக்கைப் பறிகொடுத்து
வந்து சேர்கிறவர்கள்
கண்ணை வைத்ததும் கேட்பது ஒன்றே ஒன்று:
"எங்க வீடு தெரியுமா?"

பதினோரு வருஷமாகத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.
ஐந்து ரோடு மேம்பாலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.
அங்கிருந்து மெதுவாக வலது கைப் பக்கம்.
வெள்ளையாகத் தெரிவது பனியில்லை, வெள்ளைக்கல் சுரங்கம்.
அதைத் தாண்டாதீர்கள்,
தாண்டினால் கருப்பூர் போய்விடுவீர்கள்.

எல்லா மாடியிலும் அதே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி.
அதில் ஒன்றைத் தம்முடையது என்கிறார்கள்.
நான் மறுப்பதில்லை.

கன்னங்குறிச்சி அங்கமுத்து மட்டும்
மெய்யாகவே கண்டுபிடித்துவிட்டார்.
கண்டுபிடித்ததுதான் வினை:
மாடிக் கதவு திறந்து கிடந்தது.
பக்கத்து வீட்டு நசீருக்குப் போன் போட்டார்.
ஒரு பொட்டு படியேறி வந்தது,
கதவைச் சாத்தியது.
"ஆச்சுங்களா?"
"ஆச்சு ஆச்சு, நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."
பொட்டு தலை நிமிர்ந்தது.
ஆள் எங்கே என்று தெரியாமல்
மலை முழுசுக்கும் சேர்த்துக் கையாட்டியது.
அன்றைக்கு நான் கடிகாரம் பார்க்கவில்லை.

போன புதன்கிழமை வந்த அம்மாவுக்கு
ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லையாம்.
ரயில்வேக்காரர் மகள், பிறந்ததே ஏதோ ஜங்ஷனில்.
நோட்டு அட்டையில் எஸ்தர் சுகிர்தா என்றிருந்தது.
உலகத்து விசித்திர இடங்களைத் தேடிப்போவதுதான் வேலை,
வேலை என்றால் சம்பளம் கிடையாது.
உப்பிலேயே கட்டிய விடுதியில் தங்கினாராம்,
சுவரை நக்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்ததாம்.
நக்கினீங்களா என்றேன்.
ஒரே ஒரு தடவை என்றார்.
மனிதரைவிடப் பூனை அதிகமான தீவொன்றில்
கருவாட்டோடு கைப்பையும் போனதாம்.
"இங்கே என்ன விசித்திரம், உங்க பேரு?"
மாதேசு என்றேன். பேர் சுலபம்.

மற்றதற்கு யோசிக்க வேண்டியிருந்தது.
கரடிக் குகையில் கரடி இல்லை.
கிளியூர் அருவியில், இந்த மாதம், அருவி இல்லை.
தட்டுவடை செட் சாப்பிடக் கீழே இறங்க வேண்டும்.
கடைசியில் இதைத்தான் சொன்னேன்:
காசு கொடுத்து மலையேறி,
மறுபடி காசு கொடுத்து,
காலையில் பூட்டிவிட்டு வந்த வீட்டைப் பார்க்கிறார்கள்ங்க
இங்கே.

எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை.
"உங்க வீடு எது?"

நாகலூர். என் முதுகுப் பக்கம்.
டெலஸ்கோப் அங்கே திரும்பாது, போல்ட் போட்டிருக்கிறது.
ஏன் போல்ட்?
மலைக்குப் பின்னால் பார்க்க என்ன இருக்கிறது என்று
போட்டவர் நினைத்திருப்பார்.
ஸ்பேனர் என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது,
சைக்கிளுக்கு.

அதற்குள் கீழிருந்து பனி ஏறி வந்தது.
முதலில் அஸ்தம்பட்டி போயிற்று.
பிறகு சுரங்கம், பிறகு கடைசி வளைவில் திரும்பிய பஸ்,
பிறகு கைப்பிடிக் கம்பி.
பனி மூடினால் காசு திரும்பாது என்று
போர்டே வைத்திருக்கிறேன்.
மூடிய பிறகு காசு நீட்டியவர் யாரும் இல்லை.
இவர் நீட்டினார்.

கண்ணை வைத்தார்.
வெள்ளைக்கல்லும் இல்லாத வெள்ளை.
ஒரு நிமிடம் போனது.
இன்னொரு அரை.
வேடிக்கை பார்த்த கடலைக்காரர் கூட
பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"மாதேசு," என்றார் கண்ணை எடுக்காமல்,
"கொஞ்சம்
இடது பக்கம் திருப்புங்க."